திட்டம் முடிந்த பிறகு யார் இருப்பார்கள்? அகதி இளையோருக்கான மனநல ஆதரவை எதில் ஊன்றுவது

அகதி இளையோருக்கான மனநல உதவி பெரும்பாலும் ஒரு திட்டமாகத்தான் பிறக்கிறது. ஓராண்டுத் திட்டம், இரண்டாண்டுத் திட்டம், அதிகம் போனால் மூன்று. பணம் வருகிறது, ஒருங்கிணைப்பாளர் வருகிறார், தொண்டர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. பிள்ளைகள் தயங்கித் தயங்கி வருகிறார்கள். போரையும் கடல் பயணத்தையும் தடுப்பு முகாமையும் கடந்து வந்த பதினைந்து வயதுப் பையன், எதிரே இருப்பவரை நம்பி வாய் திறக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அவன் பேசத் தொடங்கும் நேரத்தில் அலுவலகத்தில் இறுதி அறிக்கை எழுதும் வேலை தொடங்கியிருக்கும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, உலகின் பல இடங்களில் அகதிகளுக்கான பணிகள் நடுவழியில் நின்றன. வேலையை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஒழுங்காக முடித்துவைக்க அவகாசம் இல்லை. நிர்வாகத்தின் கண்ணுக்கு அது நிதிச் சிக்கல். வீட்டையும் உறவையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைக்கு, வாராவாரம் பார்த்த அக்கா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது இன்னொரு இழப்பு.

ஆகவே எந்தச் சிகிச்சை முறை சிறந்தது என்ற கேள்விக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. ஒரு சிறிய அமைப்போ, அகதிகள் சங்கமோ, பள்ளி நிர்வாகமோ, கையில் உள்ள கொஞ்சப் பணத்தையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு இந்த ஆதரவை எதில் ஊன்றினால் ஐந்தாண்டு கழித்தும் நிற்கும் என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொதுவாக முன்வைக்கப்படும் வழிகள் ஐந்து: வெளியிலிருந்து வரும் நிபுணர் குழு, அரசுச் சுகாதார சேவை, பள்ளிக்கூடம், அகதிச் சமூகத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற உதவியாளர்கள், விளையாட்டு, தொழிற்பயிற்சி போன்ற இளையோர் இடங்கள். கைபேசிச் செயலி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கும் சில வரிகள் உண்டு.

ஒப்பிடும் முன் பார்க்க வேண்டியது

உதவி தேவைப்படும் எல்லாருக்கும் ஒரே அளவு உதவி தேவைப்படுவதில்லை. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட நெருக்கடிக்கால வழிகாட்டி இதை நான்கு அடுக்குப் பிரமிடாகக் காட்டுகிறது. அடியில் பாதுகாப்பும் அடிப்படை வசதிகளும். அதற்கு மேல் குடும்ப, சமூக ஆதரவு. அதற்கு மேல், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களே தரக்கூடிய குறிப்பான உதவி. உச்சியில் மனநல மருத்துவரும் உளவியலாளரும். உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2019-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, போர் நடந்த பகுதிகளில் வாழ்பவர்களில் ஏறக்குறைய 22 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது லேசானது. கடுமையானது சிறு பகுதியினருக்குத்தான். ஆனால் அந்தச் சிறு பகுதியைக் கவனிக்க வழி இல்லாவிட்டால் உயிர் போகும்.

இன்னொன்று. மில்லர், ராஸ்முசென் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு வாதத்தை வைத்தார்கள். போரில் பட்டது மட்டும் மனதை வாட்டுவதில்லை. வந்து சேர்ந்த இடத்தில் அன்றாடம் படுவதும் சேர்ந்தே வாட்டுகிறது. தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாத காத்திருப்பு, நெருக்கடியான குடியிருப்பு, பள்ளியில் கேலி, வேலையில்லாத அப்பா, இன்னும் வந்து சேராத தம்பி. இவற்றைத் தொடாமல் கெட்ட கனவுக்கு மட்டும் மருந்து தேடும் திட்டம் பாதி வேலைதான் செய்கிறது. அதனால் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, இந்த அன்றாடத் தொல்லைகளைப் பற்றி அங்கே யாரிடமாவது பேச முடியுமா என்பதையும் நான் கவனிக்கிறேன்.

வெளியிலிருந்து வரும் நிபுணர் குழு

கடுமையான மனவடு, அதாவது பட்ட கொடுமை மனதில் விட்டுப்போன ஆறாத காயம், உள்ள பிள்ளைக்கு நிபுணர் கட்டாயம் வேண்டும். இதில் விவாதமே இல்லை. தற்கொலை எண்ணம், உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிப்போவது, நிஜத்தோடு தொடர்பு அறுவது போன்ற நிலைகளில் அன்பும் ஆறுதலும் மட்டும் போதாது.

ஆனால் முழு ஆதரவையும் நிபுணர் குழுவின் தோளில் ஏற்றினால் முதலில் முறிவது அதுதான். சம்பளம் அதிகம், ஆட்கள் குறைவு, மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வைத்தால் செலவு கூடும்; வருகிற மொழிபெயர்ப்பாளரும் அதே சிறிய சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் பிள்ளை வாயைத் திறக்காது. ‘மனநலக் கிளினிக்’ என்ற பலகையைப் பார்த்ததும் திரும்பிப் போகும் பெற்றோர் ஏராளம். பணம் நின்றதும் குழு கலைந்துபோகும், அவர்கள் கற்ற எதுவும் ஊரில் தங்காது.

ஆர்வத்தில் பறந்து வந்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்து, பறந்து போகும் குழுக்களும் உண்டு. கொடுமை நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்படி யாராவது இலவசமாக வர முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

என் கணக்கில் நிபுணரின் இடம் வாசலில் இல்லை, பின்னறையில். வாசலில் நிற்பவர்களுக்குத் தோள் கொடுப்பதும், அவர்களால் முடியாததைத் தாங்கிப்பிடிப்பதும் அவர் வேலை. வாரத்தில் அரை நாள் அவருடைய நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்துகொள்வது, ஓராண்டுக்கு அவரை முழுநேரமாக அமர்த்துவதைவிடப் பயன் தரும்.

அரசுச் சுகாதார சேவை

நிலைத்து நிற்பது என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இது முதலிடம். திட்டங்கள் வரும் போகும், அரசு மருத்துவமனை இருக்கும். அகதிகளுக்கெனத் தனிச் சுகாதார அமைப்பு கட்டாமல் நாட்டின் சேவைக்குள்ளேயே அவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதைத்தான் 2018-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் பற்றிய உலக உடன்பாடும் வலியுறுத்துகிறது. மனநல மருத்துவர் இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் மனச்சோர்வு, வலிப்பு, மனச்சிதைவு போன்றவற்றைக் கண்டறிந்து கவனிக்க, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து 2015-ல் ஒரு கையேடு வெளியிட்டன. பொது மருத்துவரும் செவிலியரும் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட அது, நெருக்கடிச் சூழலுக்கென்றே சுருக்கப்பட்டது.

குறை எங்கே என்றால், மருத்துவமனை பிள்ளையைத் தேடி வராது. பதினாறு வயதுப் பெண் தானாக எழுந்து போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று சொல்லப்போவதில்லை. பல நாடுகளில் மனநலச் செலவுக்கு அரசு ஒதுக்கும் தொகையே சொற்பம். உள்ளூர் மக்களுக்கே போதாத இடத்தில் அகதிப் பிள்ளை கடைசியில்தான் நிற்கும். ஆகவே பரிந்துரைத்து அனுப்பும் இடமாக இது கட்டாயம் தேவை, முதல் வாசலாக இதை மட்டும் நம்ப முடியாது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர் என்று பெயர் தெரிந்த ஆட்களோடு பேசிவைத்துக்கொள்வது எழுத்து ஒப்பந்தத்தைவிட வேலை செய்கிறது. இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த மருத்துவருக்கும் ஒருநாள் மாற்றல் வரும்.

பள்ளிக்கூடம்

பள்ளிக்குப் போவதில் வெட்கம் ஏதும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் ‘அவன் எங்கே போகிறான்’ என்று கேட்க மாட்டார்கள். பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் அங்கே இருக்கிறது, மாற்றத்தைக் கவனிக்க ஆசிரியர் இருக்கிறார், கட்டடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் பள்ளி திறக்கும். இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

பள்ளியிலோ விடுதியிலோ நடத்தக்கூடிய குழுமுறைகளும் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. நார்வேயில் இயங்கும் சில்ட்ரன் அண்ட் வார் ஃபவுண்டேஷன் உருவாக்கிய டீச்சிங் ரெக்கவரி டெக்னிக்ஸ் என்ற முறை பிள்ளைகளுக்கு ஐந்து அமர்வு, பெற்றோருக்கு இரண்டு அமர்வு கொண்டது. அழைக்காமல் வந்து நிற்கும் நினைவுகளைக் கையாள்வது, உடலின் பதற்றத்தைத் தணிப்பது, பயந்து விலகும் விஷயங்களை மெல்ல மெல்ல அணுகுவது என்று படிப்படியாகக் கற்றுத்தருகிறது. சுவீடனில் பெற்றோர் துணையின்றி வந்த இளையோரிடம் இதை நடத்தியபோது மனவடு அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்ததாக 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஜெர்மனியில் ‘மைன் வேக்’ என்ற ஆறு அமர்வுக் குழுமுறையை, இளையோர் தங்கும் விடுதிகளின் சமூகப் பணியாளர்களே பயிற்சி பெற்று நடத்தினார்கள். துணையின்றி வந்த 99 இளையோரிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வில் அது பலன் தந்தது. நடத்தியவர்கள் ஏற்கெனவே அங்கே சம்பளத்தில் இருந்தவர்கள். நிலைத்தன்மைக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

ஆனால் பள்ளி என்றாலே நல்லது நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இலங்கையின் வடக்கே போர் இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில், பள்ளிகளில் 399 பிள்ளைகளிடம் பதினைந்து அமர்வு வகுப்பறைத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். 2012-ல் வெளியான முடிவு, தமிழ் பேசும் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது. மனவடு, மனச்சோர்வு, பதற்றம் என்று முதன்மையாக அளந்தவற்றில் மொத்தமாகப் பார்க்கும்போது பலன் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் குறைந்தன. பையன்களில் நல்ல மாற்றம் இருந்தது. பெண் பிள்ளைகளிலோ, திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்களைவிடச் சேர்ந்தவர்களுக்கு மனவடு அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. அன்றாடம் நெருக்கடி தொடர்ந்த பிள்ளைகளுக்குப் பலன் குறைவு. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்தினால், சிலருக்கு அது உதவாமல் போவதோடு இயல்பாக ஆறும் புண்ணையும் கிளறக்கூடும். யாருக்குத் தேவை என்று பார்த்து அழைப்பதும், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் குழு வைப்பதும், வெளியே ஆபத்து ஓயாதபோது நினைவுகளைத் தோண்டாமல் அன்றாடத்தைத் தாங்கும் திறன்களில் நிற்பதும் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள்.

அப்புறம் ஆசிரியர்கள். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், தேர்வு முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம் ‘இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது அவருக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை. ஆசிரியர் கவனிப்பவராகவும் அனுப்பிவைப்பவராகவும் இருக்கட்டும். குழுவை நடத்த வேறு ஆள் வேண்டும். மதிப்பெண் போடுபவரிடம் பிள்ளை மனதைத் திறப்பது கடினம் என்பது இன்னொரு காரணம்.

பள்ளிக்கு வராத பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் பெரிய ஓட்டை. உலக அளவில் மேல்நிலைக் கல்வி வயதில் உள்ள அகதிப் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே பள்ளியில் இருக்கிறார்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கல்வி அறிக்கைகள் காட்டுகின்றன. வேலைக்குப் போகும் பையன், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், சிறுவயதில் மணமுடிக்கப்பட்டவள். அதிகம் அடிபட்டவர்கள் பலரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சமூகத்துக்குள்ளிருந்தே உதவியாளர்கள்

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ளதும் இதில்தான், தவறு நடப்பதை அதிகம் காண்பதும் இதில்தான்.

மனநலப் படிப்பு எதுவும் இல்லாத அகதிகளே முறையான மனவடுச் சிகிச்சையைத் தர முடியுமா என்ற சந்தேகத்துக்கு 2008-லேயே விடை கிடைத்துவிட்டது. உகாண்டாவின் நகிவாலே அகதிக் குடியிருப்பில் ருவாண்டா, சோமாலியா நாடுகளிலிருந்து வந்த 277 பேரிடம் நடந்த ஆய்வில், அங்கேயே வாழ்ந்த அகதிகள் சிலர் சில வாரப் பயிற்சி பெற்று, வாழ்க்கையைக் கதையாக வரிசைப்படுத்திச் சொல்லவைக்கும் முறையை நடத்தினார்கள். பலன் தெளிவாக இருந்தது. சுனாமி வந்த சில வாரங்களில் இலங்கையின் வடகிழக்கில், இதே முறையின் சிறுவர் வடிவத்தையும் தியானம், தளர்வுப் பயிற்சிகளையும் உள்ளூர் ஆலோசகர்கள் 31 பிள்ளைகளிடம் நடத்தி ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் முறையில் 81 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் மனவடு நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் உள்ளூர்க் கைகளால் முடியும் என்பதற்கு அது போதும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய சோமாலி பாண்டு, பூட்டான் அகதிக் குடும்பங்களுக்கு, அதே சமூகத்தவர் வீடு வீடாகப் போய் நடத்தும் குடும்ப வலுவூட்டல் முறை ஒன்று உண்டு. பிள்ளையைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வழியைத் திறப்பது அதன் நோக்கம். புதிய மொழியைச் சீக்கிரம் கற்ற பிள்ளை வீட்டில் பெரியவராகிவிடுவதும், பெற்றோர் ஒதுங்கிப்போவதும் அகதிக் குடும்பங்களில் எங்கும் நடப்பது. அந்தச் சிக்கலுக்குள் வெளியாள் நுழைவது கடினம். அதே மொழி பேசும், அதே வலி தெரிந்த ஒருவர் வந்தால் தேநீரோடு பேச்சு தொடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எளிய முறைகளை எழுதி இலவசமாகத் தருகிறது. பெரியவர்களுக்கான பிராப்ளம் மேனேஜ்மெண்ட் பிளஸ் ஐந்து அமர்வு கொண்டது. பத்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஈஸ் என்ற பெயரில் ஏழு குழு அமர்வும், பெற்றோருக்கு மூன்று அமர்வும். ஜோர்டானில் நடந்த சோதனையில், ஈஸில் சேர்ந்த பிள்ளைகளின் பதற்றம், துக்கம், ஒடுங்கிப்போதல் போன்றவை குறைந்தன.

சரி, இத்தனை சான்று இருந்தும் ஏன் பல இடங்களில் இது நிலைப்பதில்லை? எனக்குத் தெரிந்த காரணங்களில் முதலாவது மேற்பார்வை. பிராப்ளம் மேனேஜ்மெண்ட் பிளஸ் கையேடு புதியவர்களுக்கு ஏறக்குறைய 80 மணி நேர வகுப்புப் பயிற்சி கேட்கிறது. அதன் பிறகு வாராவாரம் மேற்பார்வை கேட்கிறது. பயிற்சிக்குப் பணம் எளிதில் கிடைக்கும், ஏனென்றால் சான்றிதழ், புகைப்படம், எண்ணிக்கை எல்லாம் உண்டு. வாராவாரம் யாரோ ஒருவர் நான்கு உதவியாளர்களோடு உட்கார்ந்து ‘இந்த வாரம் என்ன கேட்டீர்கள், எது உங்களைத் தூங்கவிடவில்லை’ என்று பேசுவதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நிதி குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான். அது போனதும் உதவியாளர் தான் கேட்ட கதைகளோடு தனியாக விடப்படுகிறார். அவரும் அதே போரிலிருந்து வந்தவர். ஒரு பிள்ளையின் கதை தன் தங்கையின் கதையாக இருக்கும் நாளில் அவர் யாரிடம் போவார்?

இரண்டாவது, சம்பளம். ‘உங்கள் சமூகத்துக்குத்தானே செய்கிறீர்கள்’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் இலவசமாக வேலை வாங்குவதை நான் எதிர்க்கிறேன். பல முகாம்களில் அகதிப் பணியாளருக்கு ஊதியம் என்ற பெயர்கூட இல்லாமல் ஊக்கத்தொகை மட்டும் தருகிறார்கள். அதே வேலையைச் செய்யும் உள்ளூர் ஊழியர் பெறுவதில் அது சிறு பகுதி. வேலை செய்யும் சட்ட அனுமதி இல்லாத நாடுகளில் அதுவும் சிக்கல். இப்படி நடத்தினால், திறமையானவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார், போவதும் சரிதான். மூன்றாவது, இரகசியம். நாலு தெரு தள்ளி வாழும் உதவியாளரிடம் சொன்னது அம்மா காதுக்குப் போகாது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணும், ஊரிலேயே எதிரெதிர் அணியில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் தம் சமூகத்தைச் சேர்ந்தவரிடமே பேச விரும்பாமல் இருக்கலாம். அவர்களுக்கு வெளியாள்தான் பாதுகாப்பு. இந்தத் தெரிவைப் பிள்ளையிடம் விட வேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகளுக்கு பிராப்ளம் மேனேஜ்மெண்ட் பிளஸ் முறையைக் குழுவாக நடத்தியபோது மூன்று மாதத்தில் மனச்சோர்வு குறைந்தது தெரிந்தது. ஓராண்டு கழித்து அந்த நன்மை நீடிக்கவில்லை. முகாம் அப்படியே இருந்தது, வேலையின்மை அப்படியே இருந்தது. ஐந்து அமர்வு முடிந்ததும் ‘பயனாளி’ என்று கணக்கில் எழுதி மூடிவிடும் வழக்கத்தை இதுவே கேள்வி கேட்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் கூடுவது, தேவைப்பட்டால் மறுபடி சேர்வது போன்ற ஏற்பாடு இல்லாத எந்தக் குறுகிய முறையையும் நான் முழு ஆதரவாக எண்ண மாட்டேன்.

இந்த ஆதரவு எந்த அமைப்பில் தொங்குகிறது என்பதும் முக்கியம். ஜிம்பாப்வேயில் 2006-ல் தொடங்கிய ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச், பாட்டிமார் மர இருக்கையில் அமர்ந்து கேட்கும் முறை என்று உலகெங்கும் பேசப்படுகிறது. அகதிகளுக்கென வந்தது இல்லை. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. அந்தப் பாட்டிமார் ஹராரே நகரச் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே சமூகச் சுகாதார ஊழியர்களாக இருந்தவர்கள். இருக்கைகளும் நகரக் கிளினிக் வளாகத்திலேயே இருந்தன. பேசப்படாத இந்த விவரம்தான் அது நீடித்ததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு, தொழிற்பயிற்சி, இளையோர் கூடம்

பிள்ளைகள் ஆசையோடு வருவது இங்கேதான். மனநலம் என்ற பேச்சே எடுக்காமல் ஒரு கால்பந்துக் குழு ஒரு பையனை உயிரோடு பிடித்துவைக்கும். ஜோர்டானில் சிரிய, ஜோர்டானிய இளையோருக்கு எட்டு வாரம் நடந்த குழுச் செயல்பாட்டுத் திட்டத்தில் பாதுகாப்பின்மை உணர்வு குறைந்து, ஏறக்குறைய ஓராண்டு கழித்தும் அந்த நன்மையின் தடம் இருந்தது.

உகாண்டாவின் ருவாம்வாஞ்சா குடியிருப்பில் காங்கோ அகதிச் சிறுவர்கள் பாதுகாப்பாகக் கூடி விளையாட அமைத்த இடங்களை ஆராய்ந்தபோது கிடைத்த படம் வேறு. தொடக்கத்தில் தெரிந்த நன்மைகள் ஒன்றரை ஆண்டு கழித்துப் பெரும்பாலும் மறைந்திருந்தன. சும்மா கூடி விளையாடும் இடம் மட்டும் போதாது, குறிப்பான உதவிக்கு அங்கிருந்து பாதை இருக்க வேண்டும். சியரா லியோனில் போரில் வளர்ந்த இளையோருக்கான மனத்திறன் பயிற்சியை, வேலைவாய்ப்புத் திட்டத்துக்குள்ளேயே வைத்து நடத்திப் பார்த்தது இந்தக் கோணத்தில் நல்ல முயற்சி. பதினேழு, பதினெட்டு வயதினருக்கு வேலையும் மனமும் வேறு வேறாக இல்லை. பள்ளியை விட்டவர்களைப் பிடிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

செயலிகள் பற்றிச் சுருக்கமாக. லெபனானில் சிரியர்களிடம் சோதித்த ஸ்டெப் பை ஸ்டெப், வாரந்தோறும் ஓர் உதவியாளர் தொலைபேசியில் சிறிது நேரம் பேசும் ஏற்பாட்டோடு மனச்சோர்வைக் குறைத்தது. அது பெரியவர்களுக்கானது, பாதியில் விட்டவர்களும் மிகுதி. வீட்டுக்கே ஒரு கைபேசி இருக்கும் குடும்பத்தில் பதினான்கு வயதுப் பெண்ணின் அந்தரங்கம் அதில் நிலைக்காது. சிதறி வாழும் பெரிய பிள்ளைகளோடு தொடர்பு விடாமல் இருக்கத் துணையாகும், அவ்வளவுதான்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகும் இடம் என்றால், பள்ளியை வீடாகவும், அகதிச் சமூகத்தின் உதவியாளர்களை அந்த வீட்டின் ஆட்களாகவும் வைப்பேன். உதவியாளரின் பெயர் பள்ளியின் அல்லது உள்ளாட்சியின் ஊதியப் பட்டியலில் ஏற வேண்டும். இணைப்பாளர், மொழித்துணை, வகுப்பறை உதவியாளர் என்று ஏற்கெனவே இருக்கும் எந்தப் பதவியின் பெயரிலானாலும் சரி. பணம் கொஞ்சம்தான் என்றால், எட்டுப் பேருக்குப் பயிற்சி தருவதைவிட மூன்று பேருக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து, மீதியில் மேற்பார்வையாளரின் நேரத்தை முதலிலேயே வாங்கிவைப்பேன். மேற்பார்வைக்குப் பணம் இல்லை என்றால் மனவடு நினைவுகளைத் தொடும் எந்த வேலையையும் தொடங்க மாட்டேன். விளையாட்டு, வீட்டுப்பாட உதவி, பெற்றோர் கூட்டம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன். அவையும் ஆதரவுதான்.

இந்தத் தேர்வு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பள்ளி இல்லாத, அல்லது பாதிப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் முகாமில் தொழிற்பயிற்சிக் கூடத்தை வீடாக்குவேன். அகதிக் குடும்பங்கள் நூறு மைலுக்கு ஒன்றாகச் சிதறிக் குடியேற்றப்பட்ட நாட்டில், வீடு தேடிப் போகும் முறையும் தொலைபேசியும்தான் வழி. அங்கே அரசு மருத்துவ சேவையின் பங்கு கூடும். பெற்றோர் துணையின்றி வந்தவர்களுக்கு விடுதிப் பணியாளரே முதல் ஆள், ‘மைன் வேக்’ போல. பல நாடுகளில் பதினெட்டாம் பிறந்தநாளோடு விடுதி, காப்பாளர், சமூகப் பணியாளர் எல்லாம் ஒரே நாளில் கையை விட்டுப் போகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. ஆகவே இவர்களுக்கான ஆதரவை வயது வரம்பு உள்ள சேவையில் மட்டும் கட்டிவைக்கக் கூடாது. இருபத்தைந்து வயது வரை வரலாம் என்று சொல்லும் ஒரு சங்கமோ விளையாட்டுக் கழகமோ உடன் இருக்க வேண்டும்.

கொடையாளரோடு கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க முடியும் என்று நம்புகிறேன். முதலாவது, கடைசி ஆறு மாதத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி இலக்கு வைக்காமல், அந்தக் காலத்தை ஏற்கெனவே வருபவர்களைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கைமாற்றிக் கொடுக்க ஒதுக்குவது. அடுத்து, திட்டம் முடிந்த பிறகும் ஓராண்டுக்கு மேற்பார்வைச் செலவைத் தொடர்வது. மொத்தத் தொகையில் அது சிறு பங்குதான். அதோடு, நிதி திடீரென்று நின்றாலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரில் சொல்லி, அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று பெயர் கொடுத்து அனுப்ப எட்டு வாரச் சம்பளம் தனியாக வைத்திருப்பது. முதல் இரண்டையும் ஏற்காத கொடையாளரோடு பேசிப் பார்க்கலாம், விட்டுக்கொடுக்கலாம். மூன்றாவதை மறுப்பவரின் பணத்தில் பிள்ளைகளின் மனதைத் தொடும் வேலையை நான் தொடங்க மாட்டேன்.